நோயின் வேரைத் தேடுவதும் ஈமானே: ‘ஆர்கானிக்’ என்ற ஒரு சொல்லும் நமது வரலாறும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. திண்டுக்கல்லை அடுத்த அகரத்தில் அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்துக் கொண்டிருந்தோம். நம்மிடம் ஓதும் பதினொரு வயது மாணவர் ஒருவரின் அத்தா, கையில் மருத்துவச் சீட்டுடன் வாசலில் வந்து நின்றார். மதுரையில் மகனுக்கு ஸ்கேன் எடுத்துவிட்டு, பேருந்திலிருந்து இறங்கி நேராக மத்ரஸாவுக்கே வந்திருந்தார்.

“ஹஜ்ரத், இதுல ஆர்கானிக்னு என்னமோ எழுதியிருக்காராம். கடையில காய்கறிக்குத்தானே அப்படிப் போடுவாங்க? எம்புள்ளைக்கு எதுக்கு இதை எழுதணும்?” என்று கேட்டார்.

அந்தப் பிள்ளைக்கு ஓராண்டுக்கு மேலாக வலிப்பு வந்துகொண்டிருந்தது. ஓதிக்கொண்டிருக்கும்போதே கண்கள் ஒரு பக்கமாகச் செருகும். கை வெட்டி இழுக்கும். தெளிந்தபின் சற்று நேரம் தொடர்பில்லாமல் பேசுவார். கண்ணேறு என்றார் ஒருவர். மக்ரிப் நேரத்தில் புளியமரத்தடியில் விளையாடியதால் ஜின் தீண்டிவிட்டது என்றார் இன்னொருவர். கழுத்தில் தாயத்து ஏறியது. ஒரு தர்காவில் நாற்பது நாள் கொண்டுபோய் விடுவதென்று உறவினர்கள் பேசி முடித்திருந்தார்கள். நாமும் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தோம். ஓதியதில் தவறில்லை. ஆனால் “முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்” என்ற ஒரு வாக்கியத்தை அந்த ஓராண்டில் நாம் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. நம் வாயிலிருந்து அது வந்திருந்தால் அந்தக் குடும்பம் உடனே கேட்டிருக்கும். இறுதியில் பள்ளி ஆசிரியை ஒருவர் வற்புறுத்தியதால்தான் அவர்கள் மதுரைக்குப் போனார்கள்.

அந்தக் குற்ற உணர்வே இக்கட்டுரைக்குக் காரணம். அந்தச் சீட்டில் இருந்த சொல்லின் வரலாற்றைத் தேடிப் போனபோது, அது நம் மார்க்க அறிஞர்களின் நூல்களுக்குள்ளும், பிறகு நம் மாநிலத்தில் எரிந்துபோன ஒரு கீற்றுக் கொட்டகைக்கும் நம்மைக் கொண்டு சென்றது.

சொல்லின் பொருள்

‘ஆர்கனான்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கருவி என்று பொருள். உடலுறுப்பையும் அதே சொல்லால் குறித்தார்கள். தமிழிலும் உடலையும் புலன்களையும் ‘கருவி கரணங்கள்’ என்று சொல்லும் பழைய வழக்கு உண்டு. ஆகவே மருத்துவத்தில் ‘ஆர்கானிக்’ என்றால் உறுப்பு சார்ந்தது, உடலில் காரணம் உள்ளது என்பதே பொருள். ஒருவர் பிதற்றுகிறார், நினைவு தடுமாறுகிறார், இல்லாத குரலைக் கேட்கிறார், காரணமின்றிச் சினம் கொள்கிறார் என்றால், மருத்துவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இதற்குப் பின்னால் கண்டறியக்கூடிய உடல்நோய் ஏதும் இருக்கிறதா?

நம் வீடுகளிலேயே இதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. கடும் காய்ச்சலில் ஜன்னி கண்டு பிதற்றுபவரைப் பார்த்திருக்கிறோம். வயதான பெரியவர்களுக்கு இரத்தத்தில் உப்புச் சத்து குறைந்தால் பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் பேசுவார்கள். அதைச் சரிசெய்ததும் தெளிந்துவிடுவார்கள். தைராய்டு சுரப்பி மந்தமானால் உற்சாகம் வற்றி, சோர்வும் மறதியும் கூடும். சர்க்கரை மிகவும் தாழ்ந்தால் சாந்தமான மனிதரும் சண்டைக்கு நிற்பார். இவர்களுக்கெல்லாம் மனத்தில் தெரிவது அறிகுறிதான். நோயின் வேர் உடலில் இருக்கிறது.

நபிகளாரிடம் வந்த பெண்மணி

வலிப்பு நோய் நம் மார்க்க வரலாற்றில் மிகவும் கண்ணியமான ஓரிடத்தில் பதிவாகியிருக்கிறது. சுவனத்துக்குரிய ஒரு பெண்ணைக் காட்டட்டுமா என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தாபியீன்களில் ஒருவரான அதாஉ பின் அபீ ரபாஹ் (ரஹ்) அவர்களிடம் கேட்டு, கறுப்பு நிறப் பெண்மணி ஒருவரைக் காட்டினார்கள். அந்த அம்மையார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு வலிப்பு வருவதையும் அப்போது ஆடை விலகிவிடுவதையும் சொல்லி, துஆச் செய்யக் கேட்டவர். பொறுமை கொண்டால் சுவனம் உண்டு, விரும்பினால் குணமடைய துஆச் செய்கிறேன் என்று நபிகளார் இரண்டையும் அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டு, ஆடை மட்டும் விலகாதிருக்க துஆச் செய்யக் கோரினார். நபிகளாரும் அவ்வாறே செய்தார்கள். புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் இடம்பெற்ற செய்தி இது.

இச்செய்தியில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. அந்தப் பெண்மணியை எவரும் கட்டிவைக்கவில்லை. அவருடைய ஈமானை எவரும் சந்தேகிக்கவில்லை. முடிவெடுக்கும் உரிமை அவரிடமே விடப்பட்டது. நோயைத் தந்த இறைவன் அதற்கு நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்பதும், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதும் நபிகளாரின் போதனைகள் என்பதை இத்துடன் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்.

பின்னாளில் திமிஷ்கில் வாழ்ந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ், 1292–1350) அவர்கள் தமது ‘ஸாதுல் மஆத்’ நூலில் இச்செய்தியை எடுத்துக்கொண்டு, வலிப்பை இருவகையாகப் பிரிக்கிறார்கள். ஒன்று தீய ஆவிகளால் வருவது. மற்றொன்று உடலின் கெட்ட நீர்களால் வருவது, மருத்துவர்கள் ஆராய்வது. அப்பெண்மணிக்கு இருந்தது இந்த இரண்டாம் வகையாக இருக்கக்கூடும் என்றும் எழுதுகிறார்கள். ஜின்னின் பாதிப்பை உறுதியாக ஏற்றுக்கொண்ட ஓர் அறிஞர், நபிகளாரின் காலத்து நோயாளி ஒருவரைப் பற்றிப் பேசும்போதே உடல்காரணத்துக்கு இடம் விட்டிருக்கிறார். நம் ஊர் மரத்தடியில் நமக்குத் தோன்றாதது அது.

இருவேறு துயரங்கள்

இப்னுல் கய்யிமுக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே, இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் நகரைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு 934) உடல்களின் நலனையும் ஆன்மாக்களின் நலனையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்பது அதன் பெயர். மனத்துயரத்தை அவர் பகுத்த விதம் வியப்பளிக்கிறது. நேசித்தவரை இழந்தது, பொருளை இழந்தது போன்ற தெரிந்த காரணத்தால் வரும் துயரம் ஒன்று. காரணமே தெரியாமல் நெஞ்சை அழுத்தி, எதிலும் நாட்டமில்லாமல் செய்துவிடும் துயரம் மற்றொன்று. இரண்டாவது வகைக்கு வேர் உடலில், இரத்தத்தின் கேட்டில் இருக்கிறது என்று கருதி, அதற்கு உடல் மருத்துவமே வேண்டும் என்றார். அறிவுரையும் ஆறுதலும் எந்தத் துயரத்துக்கு, மருந்து எந்தத் துயரத்துக்கு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அன்றே இருந்தது.

மருத்துவ மேதை இப்னு சீனா (980–1037) ‘அல்கானூன்’ நூலில் மாலிகூலியா என்னும் மனச்சோர்வு நோயைப் பற்றி எழுதும்போது, அது ஜின்னால் வருகிறது என்று சிலர் கருதுவதைக் குறிப்பிடுகிறார். அதன்மீது அவர் தர்க்கம் வளர்க்கவில்லை. ஜின்னால் வந்தாலும் வராவிட்டாலும் மருத்துவத்தைக் கற்பிக்கும் தமக்கு அது பொருட்டல்ல. ஜின்னால் வருவதாகவே வைத்துக்கொண்டாலும் அது உடலின் தன்மையைக் கரும்பித்தத்தின் பக்கம் மாற்றித்தான் நோயை உண்டாக்குகிறது. ஆகவே நோய்க்கு நெருங்கிய காரணம் கரும்பித்தமே என்பது அவர் வாதத்தின் சாரம். கரும்பித்தம் என்ற கருத்தை இன்றைய மருத்துவம் கைவிட்டுவிட்டது. மறைவானவற்றை நம்பும் ஒருவர், நம்பிக்கையை விட்டுவிடாமலே உடலுக்கு வைத்தியம் பார்ப்பது எப்படி என்று அவர் காட்டிய வழி இன்றும் பயன்படுகிறது.

இந்த அறிவு வக்ஃபுகளால் தாங்கப்பட்டது. திமிஷ்கில் நூருத்தீன் ஸங்கி 1154இல் நிறுவிய மருத்துவமனை, கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய மருத்துவமனை, அலெப்போவில் 1354இல் எழுந்த அர்கூன் மருத்துவமனை ஆகியவற்றில் மனம் பாதிக்கப்பட்டோருக்கும் இடமிருந்தது. அலெப்போவின் அந்தக் கட்டடத்தில் முற்றமும் நீர்த்தொட்டியும் சூழ அவர்களுக்கான அறைகள் அமைந்திருந்தன.

இவற்றைப் பெருமையாகச் சொல்லும்போது மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 12ஆம் நூற்றாண்டில் பாக்தாதைப் பற்றி எழுதிய யூதப் பயணி துதேலாவின் பென்யமின், மனநோயாளிகளை அங்கே சங்கிலியிட்டு வைத்திருந்ததையும் பதிந்திருக்கிறார். சங்கிலி நம் வரலாற்றிலும் உண்டு, ஐரோப்பாவிலும் உண்டு. ஆனால் அதற்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை. புத்தி தெளியும்வரை அத்தகையோர் மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பது நபிமொழி. தம் செல்வத்தை ஆளும் திறனற்றோருக்கு உணவும் உடையும் கொடுத்து, அவர்களிடம் நல்ல சொல் பேசுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம் கட்டளையிடுகிறது.

உடலில் கிடைத்த விடைகள்

19ஆம் நூற்றாண்டில் இக்கேள்வி புதிய கூர்மை பெற்றது. ஐரோப்பியப் பித்தர் இல்லங்களில் பெருந்தொகையினர் ஒரே விதமாக நலிந்தார்கள். முதலில் தற்பெருமைப் பிதற்றல், பிறகு மறதி, பிறகு பக்கவாதம், மரணம். 1822இல் பிரெஞ்சு மருத்துவர் பேய்ல், அவ்வாறு இறந்தவர்களின் மூளையைச் சூழ்ந்த சவ்வில் அழற்சி இருப்பதைக் காட்டினார். 1913இல் நொகுச்சியும் மூரும் அந்த மூளைகளுக்குள் சிபிலிஸ் என்னும் மேகநோயின் கிருமியையே கண்டுபிடித்தார்கள். 1940களில் பெனிசிலின் வந்தபின் அந்த நோய் அரிதாகிவிட்டது. பைத்தியம் என்று பூட்டி வைக்கப்பட்டவர்களில் ஒரு பெரும்பகுதியினர் கிருமித் தொற்றால் வாடியவர்கள் என்பது அவர்கள் மடிந்தபின்தான் தெரிந்தது. வலிப்புக்கும் விடை வந்தது. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிந்து 1929இல் வெளியிட்டார். வலிப்பு என்பது மூளையில் எழும் மின்கோளாறு என்பதைக் காண அது வழிவகுத்தது.

நம் மாநிலத்திலும் ஒரு முக்கியமான விடை கிடைத்தது. ஸ்கேன் வசதி வந்தபின், வலிப்பு வந்த இந்திய நோயாளிகள் பலரின் மூளையில் சிறு வளையம் போன்ற புள்ளி தெரிந்தது. அதைக் காசநோய்க் கட்டி என்று கருதி, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்து வந்தார்கள். 1980களின் இறுதியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அத்தகைய புள்ளிகளை அறுவை செய்து எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அவற்றில் பல நாடாப்புழுவின் இளம்பருவக் கூடுகள் என்பது தெரிந்தது. பெரும்பாலானவை காலப்போக்கில் தாமே கரைந்துவிடுபவை. அதுவரை வலிப்பு மாத்திரை தேவை.

நம் மாணவரின் ஸ்கேனில் இருந்ததும் அதுவே. அவருடைய அத்தாவுக்கு விளக்கியபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. பன்றி இறைச்சியோடு தொடர்புடைய புழு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். “நாம அதைத் தொடுறதே இல்லையே ஹஜ்ரத், ஊர்ல என்ன நினைப்பாங்க?” என்றார். அந்த வெட்கத்தால் சீட்டையே கிழித்துப் போட்டுவிடுவாரோ என்று அஞ்சினோம். உண்மை வேறு. அந்த இறைச்சியைச் சரியாக வேகாமல் உண்பவரின் குடலில் புழு வளரும். அதன் முட்டைகள் மலத்தில் வெளியேறும். அந்த முட்டைகள் தண்ணீர், கீரை, கழுவாத காய்கறி, கைகள் வழியே யார் வயிற்றுக்குள் போனாலும் மூளையில் கூடு கட்டலாம். சுத்த சைவர்களுக்கும் நமக்கும் அது வருவது இவ்வாறே. இதில் ஹராம் உண்ட குற்றம் எதுவும் இல்லை. கையைக் கழுவுவதும், காய்களைக் கழுவுவதும், கழிப்பறையும்தான் இதற்குக் காப்பு. தூய்மையை ஈமானோடு சேர்த்துச் சொல்லும் சமுதாயத்துக்கு இதை விளக்குவது கடினமன்று.

ஏர்வாடியின் அதிகாலை

விடை கிடைத்தும் அது மக்களைச் சென்றடையாவிட்டால் என்ன நேரும் என்பதை 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை காட்டியது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடிக்கு, நோய் தீரும் என்ற நம்பிக்கையோடு பல மதத்தவரும் மனம் பாதிக்கப்பட்ட உறவினர்களை நெடுங்காலமாக அழைத்து வந்தார்கள். தங்கவைக்கத் தனியார் விடுதிகள் பெருகின. அவற்றில் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் அன்று தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். ஒரு வாரத்துக்குள், ஆகஸ்ட் 13ஆம் நாள், அத்தகைய விடுதிகள் மூடப்பட்டு 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

ஜியாரத் பற்றிய கருத்து வேறுபாடுகளுக்குள் நாம் இங்கே நுழையவில்லை. நம் கேள்வி வேறு. அந்த 28 பேரில் எத்தனை பேருக்கு மூளையில் ஒரு புழுக்கூடு இருந்தது, எத்தனை பேருக்குத் தைராய்டு குறைந்திருந்தது, எத்தனை பேருக்கு மாத்திரையால் அடங்கக்கூடிய மனநோய் இருந்தது? இனி அதை அறிய வழியில்லை. பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லைச் சேர்ந்தவர்கள் நாம். வீட்டையும் கடையையும் காப்பதற்கென்று செய்யப்படும் ஒன்று மனிதரின் காலில் ஏறியதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

மருத்துவமனை என்ற பெயரும் அன்று மக்களை ஈர்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னையில் 1794இல் தொடங்கிய பித்தர் இல்லம் 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது; அந்த இடத்தின் பெயரே தமிழில் ஏளனச் சொல்லாகிப்போனது. அங்கே போவதைவிடப் புனிதமான இடம் ஒன்றில் இருப்பது மேல் என்று ஏழைக் குடும்பம் நினைத்ததில் நியாயம் இருந்தது. அன்பான சூழலுக்கும் பலன் உண்டு. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் சராசரியாக ஆறு வாரம் தங்கிய 31 மனநோயாளிகளைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கவனித்து 2002இல் எழுதினார்கள். அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால் மூளையில் உள்ள கட்டியையோ புழுக்கூட்டையோ அன்பு மட்டும் கண்டுபிடித்துத் தராது.

இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சி குஜராத்தின் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில் 2008 முதல் நடந்தது. ‘தவா–துஆ’ என்பது அதன் பெயர். துஆவுக்கு வருபவர்களை தர்காவின் முஜாவிர்களே அருகிலுள்ள மனநல மருத்துவரிடமும் அனுப்பிவைத்தார்கள். பிறகு நம் ஏர்வாடியிலும் அவ்வழி பின்பற்றப்பட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தடை செய்துவிட்டது.

ஓர் எச்சரிக்கை

‘ஆர்கானிக்’ என்ற சொல்லின் கதை இன்னும் ஒரு திருப்பம் கொண்டது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப்பட்டியல் 1994 பதிப்பில் அச்சொல்லைத் தலைப்பிலிருந்து நீக்கியது. சில நோய்களுக்கு மட்டும் ‘உடல் சார்ந்தது’ என்று பெயரிட்டால், மற்ற மனநோய்களுக்கு உடலில் அடிப்படையே இல்லை என்று பொருள்பட்டுவிடும் என்பதே காரணம். பழக்கத்தால் மருத்துவர்கள் இன்றும் அச்சொல்லை எழுதுகிறார்கள்.

இதை நாம் ஆழமாக மனத்தில் பதிக்க வேண்டும். ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, இரத்தச் சோதனையில் குறையில்லை என்று மருத்துவர் சொன்னவுடன், “அப்படியென்றால் நடிப்பு” என்றோ, “ஈமான் பலவீனம்” என்றோ, “அப்போது ஜின்தான்” என்றோ முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மனச்சோர்வும் மனச்சிதைவும் ஸ்கேனில் தெரியாவிட்டாலும் நோய்களே. அவற்றுக்கும் மருந்து உண்டு. அந்த நோயாளிக்கும் அதே கண்ணியம் உண்டு.

ஆலிம்களுக்கும் மத்ரஸா ஆசிரியர்களுக்கும் பணிவுடன் ஒரு வேண்டுகோள். மக்கள் மருத்துவரிடம் போகுமுன் நம்மிடம்தான் வருகிறார்கள். ஓதிப் பாருங்கள், துஆச் செய்யுங்கள். கூடவே, “இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. நாம் சொல்லத் தவறிய அந்த ஒரு வாக்கியம் ஒரு பிள்ளைக்கு ஓராண்டு வலிப்பாக முடிந்தது.

அந்த மாணவர் நாள்தோறும் மாத்திரை எடுத்துக்கொண்டு ஓத வந்தார். முதலில் இரண்டு முறை வலிப்பு வந்தது. பிறகு மாதங்கள் கடந்தன, வரவில்லை. அவருடைய அத்தா அந்தச் சீட்டைக் கிழிக்கவில்லை. வீட்டில் குர்ஆன் வைத்திருக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில், மாத்திரை அட்டைகளோடு சேர்த்து வைத்திருந்ததை நாம் கண்டோம். தண்ணீர் ஓதித் தரும்படி அவர் இப்போதும் கேட்பார். நாமும் ஓதிக் கொடுப்போம். கொடுக்கும்போது, “மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்க மறப்பதில்லை.

நோயை அறியும் அறிவையும், நோயாளியைக் கண்ணியப்படுத்தும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நோயுற்ற யாவருக்கும் முழுமையான ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.